பயந்த குழந்தை படிக்க முடியாது!

(சின்னசேலத்தில் ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் குடும்பத்தோடு கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி உயர்வு, போனஸ், மனைப் பட்டா, ரேஷன், சுடுகாட்டுப் பாதை என்று எத்தனையோ பிரச்னைகளுக்காக நாம் கூடியிருக்கிறோம். இன்று ஆரம்பப் பள்ளிக்குப் போகும் நம் குழந்தைகளின் மனத்தைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். "அது வாத்தியார் பார்க்க வேண்டிய வேலை, இல்லாவிட்டால் டாக்டர் பார்க்க வேண்டிய வேலை, சங்கத்துக்கு அதில் என்ன?" என்று சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளை இரவில் அலறி எழுந்தால், மறுநாளே சேலத்துக்கோ சென்னைக்கோ காரில் கூட்டிப் போய் மனநல வைத்தியரிடம் காட்டுகிறார்கள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை இரண்டு நாள் வாய் திறக்காமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் "காத்துக் கருப்பு பட்டிருக்கும்" என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம். பள்ளியிலோ அந்தப் பிள்ளைக்கு "மக்கு", "முரடு", "சோம்பேறி" என்று ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். பெயர் வைத்ததோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஐந்தாம் வகுப்பு முடிப்பதற்குள் அந்தப் பிள்ளை தானே அந்தப் பெயரை நம்பத் தொடங்கிவிடுகிறது. கொஞ்ச காலத்தில் படிப்பை விட்டு ஆடு மேய்க்கவோ கரும்பு வெட்டவோ வந்து நிற்கிறது. குறைந்த கூலிக்கு இன்னொரு ஜோடிக் கைகள் தயார்! இதனால் லாபம் யாருக்கு என்று நாம் யோசிக்க வேண்டும்.

கருணாபுரத்துக் குழந்தைகள்

2024 ஜூன் மாதத்தை இந்த ஜில்லாவில் யாரும் மறந்திருக்க முடியாது. கள்ளக்குறிச்சி நகரத்திலே, கோர்ட்டுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் கூப்பிடு தூரத்திலே, கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் விற்றார்கள். அதைக் குடித்து 65 பேருக்கு மேல் மாண்டார்கள். பெரும்பாலோர் அன்றாடங்காய்ச்சிகள். இறந்தவர்களில் பெண்களும் உண்டு. கோமுகி ஆற்றங்கரையில் வரிசை வரிசையாகச் சிதைகள் எரிந்தன. தாயையும் தகப்பனையும் சேர்த்து இழந்த குழந்தைகள் அந்தக் கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார்கள்.

சர்க்கார் நிவாரணம் அறிவித்தது. குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய். பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைக்கு 18 வயதுவரை மாதம் 5,000 ரூபாய், அதோடு 5 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை. ஒருவரை இழந்த குழந்தைக்கு 3 லட்சம் ரூபாய் வைப்புத் தொகை. படிப்புச் செலவு முழுவதும் சர்க்காருடையது என்றெல்லாம் சொன்னார்கள். இந்த உதவி அவசியமானது. அது ஒரு ரூபாய் குறையாமல் போய்ச் சேருகிறதா என்று கண்காணிப்பதும் நம் கடமை. ஆனால் 18 வயதில் எடுக்கப்போகும் பணம், ஏழு வயதுப் பிள்ளை இன்று இரவு "அம்மா" என்று கூப்பிட்டு எழும்போது என்ன செய்யும்? வகுப்பில் "அப்பா பெயர் என்ன?" என்று கேட்டதும் தொண்டை அடைக்கிறதே, அப்போது என்ன செய்யும்? அந்த நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டுப் பேச ஒரு பெரிய மனிதர் வேண்டும். அந்த மனிதர் தினமும் வர வேண்டும். காமிராவோடு ஒரு நாள் வந்து போகிறவர்களால் அது நடக்காது.

கருணாபுரம் ஒரு நாளில் செய்ததைத் தினசரி குடி கொஞ்சம் கொஞ்சமாகச் செய்கிறது. வாரக் கூலியைச் சாராயக் கடையில் கொடுத்துவிட்டு வரும் தகப்பனின் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் ஒளிகிற பிள்ளை, மறுநாள் காலை எட்டாம் வாய்ப்பாடு ஒப்பிக்குமா? வாத்தியார் கையை ஓங்கியதும் அந்தப் பிள்ளைக்கு ஞாபகம் வருவது வாய்ப்பாடு அல்ல, முந்தின நாள் இரவுதான்.

பயம் எங்கிருந்து வருகிறது?

பயந்த உடம்பு ஓடுவதற்கோ ஒளிவதற்கோ தயாராகிறது. நெஞ்சு படபடக்கும்; வயிறு கலங்கும்; கண் வாசற்படியையே பார்க்கும். அந்த நிலையில் எழுத்தும் கணக்கும் மூளையில் பதிவதில்லை. பயம் ஒரு நாளோடு போனால் பிள்ளை தேறிவிடும். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் நீடித்தால் அது வேறு உருவத்தில் வெளியே வரும். ஒரு பிள்ளை படுக்கையை நனைக்கும். இன்னொரு பிள்ளைக்குப் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் மட்டும் வயிற்றுவலி வரும். ஒன்று வகுப்பில் தூங்கும். ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கும், கிள்ளும். இன்னொன்று யாருக்கும் தொந்தரவு தராமல் சிலைபோல உட்கார்ந்திருக்கும். "அடக்கமான பிள்ளை" என்று பாராட்டுவார்கள். உண்மையில் அதிகமாகக் கவனிக்க வேண்டியது அந்தப் பிள்ளையைத்தான்.

இந்தப் பயத்தின் வேர் பிள்ளையின் தலைவிதியில் இல்லை. நாம் வாழும் வாழ்க்கையில் இருக்கிறது. கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1976 வரை அங்கே ஜாகீர்தார்களின் ஆட்சி. மலையாளிப் பழங்குடி மக்கள் அவர்களுக்கு வரி கட்டினார்கள். கூலி இல்லாமல் உழைத்தார்கள். ஜாகீர் ஒழிந்த பிறகும் ரோடும் ஆஸ்பத்திரியும் வேலையும் மலைக்குச் சரியாக ஏறவில்லை. கள்ளச்சாராயச் சாவுக்குப் பிறகு, 2024 ஜூலையில், அந்த மக்களின் நிலைமையைச் சென்னை ஹைகோர்ட் தானாகவே வழக்காக எடுத்து விசாரிக்கும்படி ஆயிற்று. மலையில் பிழைப்பு இல்லாததால் ஜனங்கள் கேரளத் தோட்டங்களுக்கும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். செம்மரம் வெட்டக் கங்காணி கூப்பிட்டால் ஆந்திரக் காட்டுக்குப் போகிறார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டுத் தொழிலாளர் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது நாம் அறிந்ததே. அந்தக் காட்டுக்குப் போனவன் ஜெயிலில் இருக்கிறானா, உயிரோடு இருக்கிறானா என்று தெரியாத வீடுகளில் பிள்ளைகள் கிழவியோடு காத்திருக்கிறார்கள். மலையின் உண்டு உறைவிடப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்தே குழந்தைகள் தங்குகிறார்கள். ஆறு வயதுப் பிள்ளை இரவில் தாயைத் தேடி அழுதால் அணைத்துத் தூங்கவைக்க ஒரு ஆயாவாவது இருக்கிறாரா? இது சோற்றுக்கு அடுத்தபடியாகக் கேட்க வேண்டிய கேள்வி.

சமவெளியில் மட்டும் என்ன வாழ்கிறது? கரும்பு வெட்டு சீசனில் குடும்பமே வயலுக்குக் குடிபெயர்கிறது. பள்ளி மாறும், சிநேகிதர்கள் மாறுவார்கள், சில பிள்ளைகளுக்குப் பள்ளியே இல்லாமல் போகும். இதற்கு மேல் சாதி. சேரிப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கக்கூஸ் கழுவச் சொல்வதும், தனியே உட்காரவைப்பதும், பெயருக்குப் பதில் தெருவைச் சொல்லிக் கூப்பிடுவதும் உடம்பில் காயம் உண்டாக்காத அடிகள். அந்த அடி வாங்கிய பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லவும் சொல்லாது. சொன்னால் அப்பனுக்கு அவமானம் என்று அதற்குத் தெரியும்.

கொரோனாக் காலத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடிய ஆரம்பப் பள்ளிகள் 2021 நவம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. போன் உள்ள வீட்டுப் பிள்ளை ஏதோ படித்தது. நம் பிள்ளைகள் வயலுக்கு வந்தார்கள். திரும்பப் பள்ளிக்குப் போனபோது பலருக்கு எழுத்து மறந்திருந்தது. எழுத்தோடு சிரிப்பும் குறைந்திருந்தது.

2022 ஜூலையில் நம் சின்னசேலத்தை அடுத்த கனியாமூரில் தனியார் பள்ளி விடுதியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருவர் மாண்டதும், 17ஆம் தேதி அங்கே கலவரம் வெடித்து, பஸ்கள் எரிந்ததும் உங்களுக்கு நேரில் தெரிந்த சம்பவங்கள். அந்தச் சாவின் நியாயத்தைக் கோர்ட் சொல்லட்டும். அந்த நாட்களில் பிள்ளைகளின் மனத்தைப் பற்றி நாடே பேசியது. ஒரு மாதத்தில் பேச்சு ஓய்ந்தது. பெரிய வகுப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசியவர்கள்கூட ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் பக்கம் திரும்பவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் தன் மனத்தில் உள்ளதைச் சொல்லும் தைரியம் ஒரு பிள்ளைக்கு வேண்டுமானால், அந்த விதையை ஒன்றாம் வகுப்பிலேயே ஊன்ற வேண்டும்.

சவுக்கும் பிரம்பும்

நம் ஊர்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது, "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மீதியை உரிச்சு எடுத்துடுங்க சார்" என்று வாத்தியாரிடம் சொல்வது. "அடியாத மாடு படியாது" என்று ஒரு பழமொழியும் கைவசம் இருக்கிறது.

தோழர்களே, இந்தப் பழமொழியை யார் யாரைப் பார்த்துச் சொன்னார்கள்? தஞ்சை ஜில்லா மிராசுதார்கள் பண்ணையாட்களைப் பார்த்து இதைத்தான் சொன்னார்கள். சவுக்கால் அடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். அடி இல்லாவிட்டால் ஆள் வேலை செய்யமாட்டான் என்றார்கள். தோழர் பி. சீனிவாசராவ் போன்றவர்கள் கிராமம் கிராமமாக நடந்து சங்கம் கட்டினார்கள். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று மிராசுதார்கள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சவுக்கு போன பிறகும் காவிரிப் பாசனத்தில் நெல் விளையத்தான் செய்தது. தகப்பன் முதுகிலிருந்து சவுக்கை இறக்கிய இயக்கம், பிள்ளையின் உள்ளங்கையில் பிரம்பை அனுமதிக்கலாமா?

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2003இலேயே தமிழ்நாடு கல்வி விதிகள் திருத்தப்பட்டு, பள்ளியில் உடல் தண்டனை தடை செய்யப்பட்டது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, அடிப்பதை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. "மக்கு" என்று வகுப்பின் முன்னே கேலி செய்வதும் அந்தத் தடைக்குள் அடங்கும். மீறுகிறவர் மீது இலாகா நடவடிக்கை உண்டு. சட்டம் இருப்பது தெரிந்தால்தான் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியும்.

யுத்தம் தின்ற பூமியில் ஒரு பள்ளி

அடி இல்லாமல், பயம் இல்லாமல், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த முடியுமா? முடியும் என்று செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

சோவியத் உக்ரைனில் பாவ்லிஷ் என்ற கிராமம். அங்கே வசீலி சுகம்லீன்ஸ்கி என்ற ஆசிரியர் 1948 முதல் 1970இல் சாகும்வரை தலைமையாசிரியராக இருந்தார். அவரே யுத்தத்தில் படுகாயம் அடைந்தவர். மார்பில் குண்டுத் துண்டோடு வாழ்ந்தவர். அவருடைய மனைவியையும் பச்சைக் குழந்தையையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அவரிடம் வந்த பிள்ளைகளில் பலர் யுத்தத்தில் தகப்பனை இழந்தவர்கள். அந்த மனிதர் பழியும் கசப்பும் பேசாமல், ஆறு வயதுக் குழந்தைகளைச் சேர்த்து "மகிழ்ச்சிப் பள்ளி" என்று ஒன்றை ஆரம்பித்தார்.

முதல் வகுப்புக்கு முந்திய அந்த ஒரு வருஷமும் பெரும்பாலும் மரத்தடியிலும் வயல்வெளியிலுமே பாடம். குழந்தைகள் கதை சொன்னார்கள், படம் வரைந்தார்கள், செடி நட்டார்கள், அடிபட்ட பறவைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள். தன்னைவிடப் பலவீனமான ஒரு ஜீவனைக் காப்பாற்றிய குழந்தைக்குத் தன் பலம் தெரிகிறது. அதன் மனக்காயம் ஆறுகிறது என்பது அவர் கண்ட அனுபவம். ஒவ்வொரு பிள்ளையின் வீட்டிலும் என்ன துக்கம் இருக்கிறது என்று அவர் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்தார். தண்டனை என்பதே அவர் வழியில் இல்லை. இதையெல்லாம் அவர் புத்தகமாக எழுதினார். உலகம் பூராவும் ஆசிரியர்கள் அதைப் படித்தார்கள்.

அவருக்கும் முந்தி, உள்நாட்டு யுத்தத்தில் அனாதைகளாகித் தெருவில் அலைந்த பிள்ளைகளுக்காக மகரென்கோ 1920இல் பொல்தாவா அருகே ஒரு காலனி நடத்தினார். நம் நாட்டில் குஜராத்தின் பாவநகரில் கிஜுபாய் என்ற ஆசிரியர், அதே 1920இல், கதையும் விளையாட்டும் கொண்டு பிஞ்சுகளுக்குப் பள்ளி நடத்தினார். சென்னையில் நம் சிங்காரவேலர் மாநகராட்சி உறுப்பினராக இருந்து, பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு வேண்டும் என்று வாதாடினார். பசித்த வயிற்றில் மனம் நிலைகொள்ளாது என்பது அந்தக் காலத்திலேயே தொழிலாளர் இயக்கத்துக்குத் தெரிந்த உண்மை. 1956இல் காமராஜர் காலத்து மதிய உணவு, 1982இல் சத்துணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் சர்க்கார் ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவு எல்லாம் அந்த வழியில் வந்தவையே. வயிற்றுக்கு வழி கிடைத்தது. மனத்துக்கும் வழி காண வேண்டும்.

வாத்தியார் நம் எதிரி அல்ல

இதைக் கேட்டுவிட்டு நாளைக் காலையில் தடியெடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டாம்! ஆசிரியரும் சம்பளத்துக்கு உழைப்பவர். சட்டக் கணக்குப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள ஆரம்பப் பள்ளிக்கு இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் கட்டி மேய்க்க வேண்டும். அதற்கு நடுவே கணினியில் புள்ளிவிவரம் ஏற்ற வேண்டும். இப்படிப்பட்டவர் ஒரு குழந்தையின் முகவாட்டத்தை எந்த நேரத்தில் கவனிப்பார்? டில்லி சர்க்கார், தன் கல்வித் திட்டத்தை ஏற்கவில்லை என்ற காரணத்துக்காக 2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாயைத் தராமல் நிறுத்தி வைத்தது. அந்த நெருக்கடி வந்து இறங்கும் இடம் கடைசியில் நம் பிள்ளை உட்காரும் வகுப்பறைதான்.

ஆகவே ஆசிரியரோடு சேர்ந்து நிற்போம். பிள்ளையின் வீட்டு நிலைமையை மறைக்காமல் அவரிடம் சொல்வோம். "இவன் அப்பா கேரளாவுக்குப் போயிருக்கிறார், பத்து நாளாகத் தூங்கவில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால், ஓங்கிய கை தானாக இறங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

காசு செலவில்லாமல் இன்றே தொடங்கக்கூடிய காரியங்கள் உண்டு. குடித்துவிட்டு வீட்டில் சண்டை போடுவதில்லை என்று சங்கத் தோழர்கள் முதலில் முடிவெடுக்க வேண்டும். வேலை முடிந்து வந்ததும் கால் மணி நேரம் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேட்க வேண்டும். "எத்தனை மார்க்?" என்ற கேள்வி பிறகு வரட்டும். பிள்ளை ஒரு கஷ்டத்தைச் சொன்னால், "நீ என்ன செய்தாய்?" என்று உடனே அதன் மீதே பாயக் கூடாது. முழுக்கச் சொல்ல விட வேண்டும். யாராவது தொட்டதாக, மிரட்டியதாகச் சொன்னால் நம்ப வேண்டும். 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது. அந்த எண்ணைப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆக்குங்கள்.

அக்கம்பக்கத்தார் வெளியூர் வேலைக்குப் போகும்போது அவர்கள் பிள்ளை யாருடைய பொறுப்பில் இருக்கும் என்று சங்கக் கிளை கேட்டுக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். சாவு விழுந்த வீட்டுப் பிள்ளையைக் காரியம் முடிந்த பிறகு மறந்துவிடக் கூடாது. அந்தப் பிள்ளையோடு பள்ளி வரை நடந்து போக ஒரு தோழரோ தோழியரோ இருக்க வேண்டும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்களும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இடங்களை ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். களையெடுக்கும் தாயும் ஆலைக்குப் போகும் தகப்பனும் அங்கே உட்கார வேண்டும். பிரம்பு உண்டா, கேலி உண்டா, சாதி வித்தியாசம் உண்டா, விளையாட நேரம் உண்டா, பெண் குழந்தைகளுக்குத் தாழ்ப்பாளோடு கூடிய கழிப்பிடம் உண்டா என்று ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்க வேண்டும்.

சர்க்காரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. ஆரம்பப் பள்ளியில் வகுப்புக்கு ஒரு நிரந்தர ஆசிரியர் வேண்டும். ஆசிரியரைக் கணினிக் கணக்கு வேலையிலிருந்து விடுவிக்க வேண்டும்.

2. சின்னசேலம், கல்வராயன் மலை உள்படச் சகல ஒன்றியங்களிலும், ஆரம்பப் பள்ளிகளுக்கு முறையாக வந்து போகும் பயிற்சி பெற்ற குழந்தை மனநல ஆலோசகரை நியமிக்க வேண்டும்.

3. மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளில் சின்னஞ்சிறு குழந்தைகளோடு இரவில் தங்கப் பெண் பராமரிப்பாளர் வேண்டும். பெற்றோர் வந்து பார்க்கவும், போனில் பேசவும் வசதி வேண்டும்.

4. வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தந்த ஊரிலேயே சீசன் விடுதி வேண்டும்.

5. கள்ளச்சாராயச் சாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்குப் பணத்தோடு, வளர்ந்து ஆளாகும்வரை தொடர்ந்த மனநலக் கவனிப்பும் வேண்டும். சாராய வியாபாரிகளையும் அவர்களுக்குத் துணை நின்றவர்களையும் தண்டிக்க வேண்டும்.

தோழர்களே! இவற்றில் எதுவும் தானாக வராது. எட்டு மணி நேர வேலையும் தானாக வந்ததில்லை. கூலிக்காகச் சேர்ந்த நாம், நம் குழந்தைகள் பயமில்லாமல் படிப்பதற்காகவும் சேர வேண்டும். தலைநிமிர்ந்து கேள்வி கேட்கும் பிள்ளைதான் நாளை தலைநிமிர்ந்து நியாயம் கேட்கும் தொழிலாளி. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிளையிலிருந்தும் பெற்றோர்கள் திரண்டு போவோம். ஆசிரியரின் கையைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கோரிக்கைகளை முன்வைப்போம்!